குழியின் மேல் ஒரு கோபுரம்: மான்ட்ரியலில் ஆறு நாள்

முதல் நாள், ஞாயிறு

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் வானத்தில் சில வெளிச்சக் கோடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. மெதுவாக வந்து, மேகத்தின் அடிவயிற்றைத் தடவிவிட்டு, அந்தப் பக்கம் போயின. எனக்கோ பாதி உறக்கம். "இங்கே கடல் இருக்கா பாப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா மகள் வண்டி ஓட்டிக்கொண்டே சிரித்தாள். வயது முப்பத்து மூன்று. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். "கலங்கரை விளக்கம்னு நினைச்சீங்களா சித்தி? அது எங்க ஆபீஸ். மொட்டை மாடியில விளக்கு சுத்துது."

பெயர் பிளாஸ் வீல் மரி. மான்ட்ரியலின் நட்டநடுவில் சிலுவை வடிவில் நிற்கும் 188 மீட்டர் உயர அலுவலகக் கோபுரம், அதன் காலடியில் தரைக்குக் கீழே ஒரு கடைவீதி. கோபுரம் திறந்த 1962-லிருந்து ராத்திரியில் அந்த விளக்கு சுற்றுகிறதாம். வானம் தெளிவாக இருந்தால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளியும் தெரியும் என்றாள்.

வெளியே மைனஸ் பதினேழு டிகிரி. காரிலிருந்து வீட்டு வாசலுக்கு இருபது அடி நடப்பதற்குள் மூக்குக்குள் முடியெல்லாம் குத்தியது. இந்த ஊரில் எதற்காகக் கடைகளைத் தரைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள் என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு பாதிதான் சரி என்பது மூன்றாம் நாள் தெரிந்தது.

இரண்டாம் நாள், திங்கள்

ரயில்வேயில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ரயிலடியைப் பார்த்துவிட வேண்டும் எனக்கு. "உங்க ஆபீஸ் அப்புறம், முதல்ல ஸ்டேஷன்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் சித்தி" என்றாள் பாப்பா. ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உண்மையையே சொல்லியிருக்கிறாள்.

அவள் வேலைக்குப் போன பிறகு ரெனே லெவெக் சாலை ஓரத்தில், கோபுரத்துக்கு எதிரே, குல்லாவும் கம்பளியுமாக நின்று பார்த்தேன். நேர் எதிரே சதுக்கம், அதற்குப் பின்னால் சாம்பல் நிற அலுமினியப் போர்வை போர்த்திய கோபுரம். என் முதுகுப்பக்கம் குயின் எலிசபெத் ஹோட்டல். ஹோட்டலுக்குக் கீழே மத்திய ரயில் நிலையம். அங்கிருந்து வடக்கே போகும் தண்டவாளங்கள் நான் நின்ற சாலைக்கு அடியில் போய், சதுக்கத்துக்கு அடியில் போய், கோபுரத்துக்கு அடியிலும் போய், கடைசியில் மலைக்குள் நுழைகின்றன. மேலே நிற்கிற எதுவும் மண்ணின் மேல் நிற்கவில்லை. எல்லாம் ஒரு குழிக்குப் போட்ட மூடி.

இந்தக் குழியின் கதையைச் சொல்லாமல் கோபுரத்தின் கதையைச் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாவில் மெக்கன்சி, மான் என்று இரண்டு பேர் சேர்ந்து கனேடியன் நார்தர்ன் என்ற ரயில் கம்பெனியை நடத்தினார்கள். மான்ட்ரியலின் மையத்துக்கு ஒரு பாதை வேண்டும் அவர்களுக்கு. ஆனால் நல்ல வழிகளில் எல்லாம் முன்னமே வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கனேடியன் பசிபிக் ஒரு பக்கம், கிராண்ட் டிரங்க் இன்னொரு பக்கம். ஊருக்குப் பின்னால் மிச்சம் இருந்தது மவுண்ட் ராயல் மலை ஒன்றுதான். சரி, மலையைக் குடைந்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். ஐந்து கிலோமீட்டர் சுரங்கம்.

அந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. சுரங்கத்துக்குப் பணம் எப்படிப் புரட்டினார்கள் தெரியுமா? மலைக்கு அந்தப் பக்கம் இருந்த விவசாய நிலங்களைச் சத்தமில்லாமல் வாங்கிப் போட்டார்கள். ஃபிரெடரிக் டாட் என்ற திட்டக்காரரைக் கொண்டு அங்கே ஒரு புது ஊருக்கு வரைபடம் போட்டு, மனை பிரித்து விற்றார்கள். சுரங்கம் வந்தால் பத்து நிமிஷத்தில் டவுனுக்குப் போய்விடலாம், அதனால் மனை விலை ஏறும். மனை விலை ஏறினால் அந்தப் பணத்தில் சுரங்கம் தோண்டலாம். நம் ஊரில் புறநகர் மனை விற்பவர்கள் சொல்கிற அதே கதை. என்ன, இவர்கள் சொன்னபடி ரயிலையும் விட்டார்கள்.

1912-ல் தோண்டத் தொடங்கி, 1913 டிசம்பர் 10 அன்று இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்து வந்தவர்கள் மலைக்குள் சந்தித்துக்கொண்டார்கள். நேர்க்கோட்டில் பிசகு ஓர் அங்குலம்தான் என்கிறார்கள். அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. பணம் வற்றியது. 1918 அக்டோபரில் முதல் ரயில் ஓடியபோது கம்பெனி திவாலாகி அரசாங்கத்தின் கைக்குப் போயிருந்தது. அதையும் கிராண்ட் டிரங்கையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்துத்தான் கனேடியன் நேஷனல், சுருக்கமாகச் சி.என்., என்ற அரசு ரயில்வே உருவானது. அவ்வளவு நீளச் சுரங்கத்தில் புகை போக வழியில்லை என்பதால் முதல் நாளிலிருந்தே மின்சார என்ஜின்தான்.

சுரங்கத்தின் வாய் ஊரின் நடுவில் வந்து திறந்தது. தண்டவாளம் தரைமட்டத்துக்குக் கீழே இருந்ததால் அதைச் சுற்றி ஆழமான பள்ளம். அதன் மேல் பெரிய நிலையமும் கட்டடங்களும் எழுப்புவதாகத் திட்டம். 1929-ல் வேலையைத் தொடங்கினார்கள். உடனே உலகப் பொருளாதார மந்தம், வேலை நின்றது. மத்திய ரயில் நிலையம் ஒருவழியாக 1943 ஜூலையில், அடுத்த உலகப் போரின் நடுவில் திறந்தது. சாலைக்கு வடக்கே இருந்த பாதிக் குழியை யாரும் தொடவில்லை. ஊரின் மிகப் பெரிய கடைகள் இருந்த தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், சுமார் ஏழு ஏக்கர், வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஒரு தலைமுறையே அதை எட்டிப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டிருக்கும்.

1950-ல் சி.என். தலைவராக வந்தவர் டொனால்ட் கார்டன், ஸ்காட்லாந்தில் பிறந்தவர், வங்கிக்காரர். குழியைப் பணமாக்க ஆள் தேடினார். கனடாவில் யாரும் துணியவில்லை. நியூயார்க்கிலிருந்து வில்லியம் செக்கண்டார்ஃப் வந்தார். மனை வியாபாரத்தைச் சூதாட்டம் மாதிரி ஆடியவர் என்று பெயர். அவருடைய கம்பெனியில் கட்டடக் கலைஞர்களுக்குத் தலைவராக இருந்தவர் ஐ. எம். பெய். பிற்காலத்தில் பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியக முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடு வைத்தாரே, அதே பெய். ஆனால் இந்தக் கோபுரத்தை வரைந்தது அவருடைய கூட்டாளி ஹென்றி காப். அப்போது காப்புக்கு வயது முப்பதுதான் இருக்கும். முப்பது வயதுப் பையனிடம் ஏழு ஏக்கர் குழியையும் ஊரின் மிக உயரமான கட்டடத்தையும் கொடுத்திருக்கிறார்கள்.

சிலுவை வடிவத்துக்கும் மதத்துக்கும் சம்பந்தம் இல்லை. சதுரமாக அவ்வளவு பெரிய கட்டடம் கட்டினால் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஜன்னலே இருக்காது. நான்கு கைகளாகப் பிரித்துவிட்டால் எல்லோருக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். முப்பத்தோரு வருஷத்தில் இருபது வருஷம் டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்தவள் என்ற முறையில் காப் அவர்களுக்கு என் நன்றி.

கட்டடத் தூண்களைத் தண்டவாளங்களுக்கு நடுவில் இடம் பார்த்து இறக்கியிருக்கிறார்கள். கட்டுமானம் நடந்தபோது கீழே ரயில் ஓட்டம் நிற்கவே இல்லையாம். எங்கள் ரயில்வேயில் ஒரு நடைமேம்பாலத் தூணுக்கு லைன் பிளாக், அதாவது ரயிலைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் அனுமதி, வாங்க எத்தனை கடிதம் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த ஒரு விஷயத்தை நினைத்துக்கொண்டே அந்தக் குளிரில் கூடுதலாகப் பத்து நிமிஷம் நின்றேன்.

அதே சமயத்தில் பக்கத்தில் ஒரு வங்கி தனக்கென்று ஒரு கோபுரம் கட்டிக்கொண்டிருந்தது. எது உயரம் என்று போட்டி. இவர்கள் திட்டத்தில் இல்லாத மாடிகளைச் சேர்த்துச் சில மீட்டரில் ஜெயித்தார்கள். 1962 செப்டம்பர் 13 அன்று திறப்பு விழா. இரண்டே வருஷத்தில் பங்குச் சந்தைக் கோபுரம் வந்து இரண்டு மீட்டர் வித்தியாசத்தில் இதைத் தாண்டிவிட்டது. அந்தப் போட்டி யாருக்கும் நினைவில் இல்லை.

மூன்றாம் நாள், செவ்வாய்

இன்று கீழே.

மெட்ரோவில் பொனவென்ச்சர் நிலையத்தில் இறங்கினேன். ரப்பர் டயரில் ஓடும் ரயில், 1966-ல் தொடங்கியது. சத்தம் வேறு மாதிரி இருக்கிறது, இரும்பின் மேல் இரும்பு ஓடுகிற ஒலி இல்லை. அதை ரயில் என்று ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அங்கிருந்து ஒரு முறைகூட வெளியே தலை காட்டாமல் மத்திய ரயில் நிலையத்துக்குள் வந்துவிட்டேன். நிலையக் கூடத்தின் சுவரில் உயரத்தில் நீளமாகப் புடைப்புச் சிற்ப வரிசை. கனடாவின் வாழ்க்கைக் காட்சிகள், அடியில் தேசிய கீதத்தின் வரிகள், ஒரு பக்கம் பிரெஞ்சு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம். காபி வாங்க வரிசையில் நிற்பவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அங்கிருந்து ஒரு நடைபாதை சாலைக்கு அடியில் பிளாஸ் வீல் மரி கடைவீதிக்குப் போகிறது. இந்த இணைப்புதான் மான்ட்ரியலின் புகழ்பெற்ற நிலத்தடி நகரத்துக்கு விதை. இன்றைக்கு அது 32 கிலோமீட்டர் நீள வலை. 2004 முதல் அதற்கு ரேஸோ என்று பெயர், வலையமைப்பு என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் ஒலியில் வைத்தது. யாரோ மேஜையில் உட்கார்ந்து 'நிலத்தடி நகரம்' ஒன்று திட்டமிட்டார்கள் என்று நினைத்து வந்திருந்தேன். அப்படி இல்லை. குழி ஏற்கெனவே இருந்தது. ரயில் தளம் ஆழத்தில், சதுக்கம் மேலே, நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு வந்த பதில்தான் கடைவீதி. வின்சென்ட் பான்ட் என்ற நகரத் திட்டக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு புதுக் கட்டடத்தையும் பக்கத்துக் கட்டடத்தோடு கீழே இணைத்துக்கொண்டே போகலாம் என்று சொல்லி வந்தார். மெட்ரோவும் 1967 உலகக் கண்காட்சியும் வந்து சேர, ஊர் அதைப் பின்பற்றியது. குளிர் இதற்குக் கைகொடுத்தது, அவ்வளவுதான். நான் முதல் நாள் நினைத்ததில் பாதி தப்பு என்று சொன்னது இதைத்தான்.

ஆரம்பத்தில் கடைக்காரர்கள் தயங்கியிருக்கிறார்கள். நிலவறைக்குள் யார் சாமான் வாங்க வருவார்கள் என்ற பயம். நியாயம்தானே. சதுக்கத்தில் முற்றங்கள் வெட்டி, கீழே வெளிச்சம் விழும்படி செய்திருந்தார்கள். பிற்பாடு அவற்றுக்குக் கண்ணாடிக் கூரை போட்டார்கள். இப்போது அந்த இடத்தில் பெரிய கண்ணாடிக் கூடத்துக்குக் கீழே ஒரு சாப்பாட்டு வளாகம் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கோபுரம் தலைக்கு மேல் சாய்ந்து விழுவது போல இருக்கிறது. அங்கே சூப்பை ஊதி ஊதிக் குடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதோடு திரும்பியிருக்கலாம். "இன்னும் கொஞ்சம்" என்று நடந்தேன். ஒரு படி இறங்கினேன், ஒரு கதவைத் தள்ளினேன், இன்னொரு வங்கியின் கூடம் வந்தது, ஒரு துணிக்கடை, மறுபடி படி. மேலே சூரியன் இல்லை, ஜன்னல் இல்லை, திசை இல்லை. பலகைகளில் தெருப் பெயர்கள் இருந்தன. ஆனால் தெருவே கண்ணில் படாதபோது தெருப்பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஒரே செருப்புக்கடையை மூன்று முறை கடந்தேன். மூன்றாம் முறை விற்பனைப் பெண் எனக்கு வணக்கம் சொன்னாள்.

தரை துடைக்கும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் என் நெற்றிப் பொட்டைப் பார்த்து நின்றார். "அம்மா தமிழோ?" என்றார். ஆமாம் என்றதும் முகம் மலர்ந்தது. யாழ்ப்பாணம், இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேலே. "வழி தெரியேல்ல என்று சொல்லுங்கோ. வெட்கப்படாதேங்கோ, எல்லாரும் இதுக்குள்ள துலைஞ்சு போறவைதான்" என்று சொல்லி, இயந்திரத்தை ஓரமாக நிறுத்திவிட்டு, இரண்டு திருப்பம் கூடவே நடந்து வந்து விட்டார். "மேலால போகாதேங்கோ அம்மா, காது விறைச்சுப் போயிடும்" என்றதுதான் கடைசி அறிவுரை. மேலே போயிருந்தால் இரண்டே நிமிஷத்தில் திசை தெரிந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்னபடியே போனேன்.

நான்காம் நாள், புதன்

விடிய விடியப் பனிப்புயல். வெளியே போகவில்லை. பாப்பாவும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ரசம் வைத்தேன்.

"வாரத்துல பாதி நாள் இப்படித்தான் சித்தி. ஆபீஸ்ல என் வரிசையில பாதி நாற்காலி காலி" என்றாள். அந்தச் சாப்பாட்டு வளாகம் திறந்தது 2020 ஜனவரியில். மார்ச்சில் ஊரடங்கு. மேலே அலுவலகம் நிரம்பினால்தான் கீழே தட்டுகள் நிரம்பும். இந்த ஒரு ஏற்பாட்டை வைத்துத்தான் 1962-லிருந்து அங்கே வியாபாரம் நடக்கிறது. கடைக்காரர்களின் அந்த வருஷக் கணக்கை நினைக்கவே வயிற்றைப் பிசைந்தது.

ஐந்தாம் நாள், வியாழன்

புயல் ஓய்ந்து நல்ல வெயில். ஆனால் வெயில் சுடவில்லை.

காலையில் பழைய ஊருக்கு, சான் ழாக் தெருவுக்குப் போனேன். ஒரு காலத்தில் கனடாவின் பணம் முழுக்கப் புரண்ட தெரு. 360-ஆம் எண் கட்டடம் ராயல் பேங்கின் பழைய தலைமையகம், 1928-ல் கட்டியது. அப்போது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே உயரமான கட்டடம் என்று பெயர், 22 மாடி. உள்ளே பொன்வேலை செய்த கூரையும் பித்தளைக் கம்பிக் கூண்டுகளும் அப்படியே இருக்கின்றன. ஆனால் கூண்டுக்குப் பின்னால் காசாளர் இல்லை, காபி போடுகிற பையன் இருக்கிறான். சுற்றிலும் மடிக்கணினிகள். ஐந்து டாலருக்குக் காபி வாங்கி, அடமானக் கடன் கேட்க வந்தவள் மாதிரி பணிவாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

இந்தக் கூடம் காபிக் கடை ஆனதற்கும் அந்தச் சிலுவைக் கோபுரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. செக்கண்டார்ஃபிடம் திட்டம் இருந்தது, குழி இருந்தது, குடியிருக்க ஆள் இல்லை. 1958-ல் ராயல் பேங்க் தலைவர் ஜேம்ஸ் மியூர் வர ஒப்புக்கொண்டார். அதோடு மற்றவர்களும் வந்தார்கள். வங்கிக்கு மதிப்பாக ஒரு கூடம் வேண்டும் என்பதற்காகக் கோபுரத்தின் காலடியில், சிலுவையின் மூலைகளில், தாழ்வான கட்டடங்கள் சேர்ந்தன. மியூர் திறப்பு விழாவைப் பார்க்கவில்லை, 1960-லேயே இறந்துவிட்டார். ஆனால் அவருடைய ஒரு கையெழுத்தில் ஊரின் பணப்பெட்டி ஆற்றங்கரைத் தெருவிலிருந்து மேட்டுக்கு ஏறிவிட்டது. செக்கண்டார்ஃபின் கம்பெனியோ 1965-ல் திவால். மான்ட்ரியல் குழிக்கும் திவாலுக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் இருந்திருக்கிறது.

மாலையில் பாப்பா வேலை முடிந்து சதுக்கத்துக்கு வந்தாள். அங்கே சாலைக்கு எதிரே ஒரு பெரிய எஃகு வளையம் தொங்குகிறது. விட்டம் முப்பது மீட்டர், 23 டன். 2022-ல் வைத்தது, நிலத்தோற்றக் கலைஞர் குளோட் கார்மியேயின் வேலை. செலவு ஐந்து மில்லியன் டாலர் என்று தெரிந்தபோது ஊரில் பெரிய சண்டையாம். சாலையிலிருந்து அதன் வழியாகப் பார்த்தால் சதுக்கம், மக்கில் காலேஜ் அவென்யூ, அதன் முடிவில் மவுண்ட் ராயல் மலை என்று எல்லாம் ஒரு சட்டத்துக்குள் அடங்குகிறது. எனக்குப் பிடித்திருந்தது. பாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இந்தக் காசுக்கு மெட்ரோ படிக்கட்டுல லிஃப்ட் போட்டிருக்கலாம்" என்றாள். என் முழங்காலைக் கேட்டால் அது அவள் பக்கம்தான் பேசும்.

"ஏன் சித்தி, இந்த ஹோட்டலுக்கு மட்டும் ராணி பேரு, கோபுரத்துக்கு மேரி மாதா பேரு?" என்று கேட்டாள். இதை அவள் கேட்பாள் என்றுதான் ராத்திரியெல்லாம் படித்து வைத்திருந்தேன்.

ஹோட்டலும் சி.என். கட்டியதுதான், 1958-ல் திறந்தது. அதற்கு ஆங்கிலேய ராணியின் பெயரை வைக்கப்போகிறார்கள் என்றதும் பிரெஞ்சு பேசும் மக்கள் கொதித்துப்போனார்கள். ஊரை நிறுவிய மேசொன்னவின் பெயரை வைக்கச் சொல்லி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். சி.என். அசையவில்லை. அடுத்து எதிர்ப்புறம் இந்தக் கோபுரம் வந்தபோது மேயர் ழான் டிராப்போ ஒரு பெயர் சொன்னார்: வீல் மரி. 1642-ல் மேசொன்னவ் இங்கே குடியேற்றம் அமைத்தபோது வைத்த பெயர், மேரியின் ஊர். ஆங்கிலத்தில் எழுதினாலும் பிரெஞ்சில் எழுதினாலும் ஒரே மாதிரிதான் எழுத வேண்டும். யாரும் மொழிபெயர்க்க முடியாது. மேயர் கெட்டிக்காரர்.

பெயர் கிடைத்துவிட்டது, வேலை கிடைத்ததா என்பது வேறு கதை. கோபுரம் திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும், 1962 நவம்பரில் நாடாளுமன்றக் குழு ஒன்று கார்டனைக் கூப்பிட்டுக் கேட்டது: உங்கள் ரயில்வேயில் பதினேழு துணைத் தலைவர்கள் இருக்கிறார்கள், அதில் ஒருவர்கூட பிரெஞ்சுக் கனடியர் இல்லையே, ஏன்? தகுதியைப் பார்த்துத்தான் பதவி கொடுக்கிறோம் என்கிற மாதிரி அவர் பதில் சொன்னார். மாணவர்கள் இங்கே திரண்டு வந்து அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். தகுதி என்ற சொல்லை யார், யாரைப் பார்த்து, எப்போது எடுக்கிறார்கள் என்பது நமக்குப் புதிதா என்ன? நாங்கள் நின்ற சாலையே அப்போது டார்செஸ்டர் என்ற ஆங்கிலேய கவர்னரின் பெயரில் இருந்தது. 1987-ல் ரெனே லெவெக் இறந்த பிறகு அவர் பெயருக்கு மாறியது. கியூபெக் தனி நாடாக வேண்டும் என்று வாக்கெடுப்பு நடத்திய முதல்வர் அவர். இப்போது அந்த ஹோட்டலின் வாசல் அவருடைய சாலையில் இருக்கிறது.

"அந்த ஹோட்டல்லதான் ஜான் லெனன் படுத்தாரு" என்றாள் பாப்பா, அவள் பங்குக்கு. 1969-ல் சமாதானத்துக்காக மனைவி யோகோ ஓனோவோடு ஒரு வாரம் கட்டிலைவிட்டு இறங்காமல் படுத்திருந்தாராம், 1742-ஆம் எண் அறை. ஒரு வாரம் படுத்துக் கிடந்தால் சமாதானம் வரும் என்றால் இந்தக் குளிரில் நானும் தயார் என்றேன்.

ஆறாம் நாள், வெள்ளி

கடைசி நாளை எனக்காக வைத்துக்கொண்டேன். சுரங்கம்.

அந்த 1918 சுரங்கத்தில் நூறு வருஷத்துக்கு மேல் புறநகர் மின்ரயில் ஓடியது. 2020-ல் அதை மூடி, ரெம் என்ற புதிய தானியங்கி ரயிலுக்காக வேலை தொடங்கினார்கள். அந்த வருஷம் ஜூலையில் தொழிலாளர்கள் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தபோது திடீரென்று ஒரு வெடி. முதலில் தோண்டியவர்கள் பாறைக்குள் விட்டுப்போன வெடிமருந்து, ஒரு நூற்றாண்டு சும்மா கிடந்துவிட்டு அப்போது வெடித்திருக்கிறது. யாருக்கும் பெரிய காயம் இல்லை. மெக்கன்சி, மான் கம்பெனியின் சரக்கு இருப்புப் பதிவேட்டில் வராத உருப்படி. அதற்கப்புறம் பாறை முழுக்கத் தேடி எடுத்தபடி வேலை செய்ய வேண்டியதாகி, தேதி தள்ளிக்கொண்டே போனது. ரெம்மின் தெற்குப் பாதை 2023 ஜூலையில் ஓடத் தொடங்கியது. மலைக்குள் போகும் பாதை திறந்தது 2025 நவம்பரில்தான்.

மத்திய நிலையத்தில் ஏறினேன். ஓட்டுநர் இல்லாத ரயில், அதனால் ஓட்டுநர் அறையும் இல்லை. முன்பக்கம் பெரிய கண்ணாடி, அதை ஒட்டி இருக்கை. ஒரு பள்ளிக்கூடப் பையன் அந்த இடத்தைப் பிடிக்க ஓடி வந்தான், நான் முந்திக்கொண்டேன். ரயில்வேயில் முப்பத்தோரு வருஷம் இருந்தும் என்ஜினில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்கத் துணிவு வந்ததில்லை. பையன் முறைத்தான். கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தேன்.

கிளம்பியதும் இருட்டு. விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பருத்த தூண்கள். முதலில் வந்தவை ஹோட்டலுடையவையாக இருக்க வேண்டும். அப்புறம் சாலை. அப்புறம் மறுபடி தூண்கள், இவை இன்னும் பருமன். தலைக்கு மேலே பாப்பா, அவளுக்கு மேலே இன்னும் எத்தனையோ மாடி, எல்லாவற்றுக்கும் மேலே பகலில் அணைந்திருக்கும் அந்த விளக்கு. எண்ணிப் பார்க்கலாம் என்று தொடங்கினேன். ஏழு வரை வந்தேன், ரயில் வேகம் பிடித்துவிட்டது.

மலைக்குள்ளே எடுவார் மோபெத்தி என்று ஒரு நிலையம். எழுபது மீட்டருக்கு மேல் ஆழம், லிஃப்டில்தான் மேலே போக வேண்டும். அதைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பளீரென்று பனி வெளிச்சம், மலையின் மறுபக்கம் வந்துவிட்டோம். இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். மெக்கன்சியும் மானும் மனை போட்டு விற்ற ஊர் இதுதான். வளைந்த தெருக்கள், பெரிய மரங்கள், பனியை வாரி ஒதுக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர். "டவுனுக்கு எவ்வளவு நேரம்?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"பத்து நிமிஷம்கூட ஆகாது" என்றார், மனை விற்பவரின் பெருமையோடு.

பாப்பாவிடமிருந்து செய்தி வந்தது: எங்கே இருக்கீங்க சித்தி, மதியச் சாப்பாட்டுக்கு வர்றீங்களா? உங்க ஆபீஸுக்குக் கீழேதான் வந்துக்கிட்டிருக்கேன் என்று பதில் போட்டுவிட்டு, அடுத்த ரயிலில் மறுபடி முன் இருக்கையில் உட்கார்ந்தேன். இந்த முறை நிலையத்தை நெருங்கும்போது ரயில் மெதுவாகப் போனது. பதினான்கு வரை எண்ணினேன்.